கைபேசி வைத்தியம் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?

திங்கட்கிழமை காலை. நைரோபியில் ஒருவருடைய சாதாரண பட்டன் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுகிறது. "மாம்போ?" என்ற ஒரே சொல். சுவாஹிலி மொழியில் "எப்படி இருக்கீங்க?" என்று அர்த்தம். அனுப்பியது மருத்துவமனை. பெறுபவர் எச்ஐவி மருந்து சாப்பிடத் தொடங்கியிருக்கும் நோயாளி. இரண்டு நாளுக்குள் அவர் இரண்டு சொற்களில் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். "ஸாவா" என்றால் நன்றாக இருக்கிறேன். "ஷிடா" என்றால் ஒரு சிக்கல். ஷிடா என்று வந்தாலும் சரி, பதிலே வராவிட்டாலும் சரி, செவிலியர் போன் போட்டுப் பேசுவார்.

2007-இல் தொடங்கி கென்யாவில் நடந்த ஆய்வு இது. 538 பேர் பங்கெடுத்தார்கள். முடிவுகள் 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. குறுஞ்செய்தி பெற்றவர்களில் 62 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். பெறாதவர்களில் 50 சதவீதம் பேர். சொன்னதை மட்டும் நம்பிவிடவில்லை, இரத்தத்தையும் பரிசோதித்தார்கள். வைரஸ் அடங்கியிருந்தவர்கள் கணக்கிலும் 57-க்கு 48 என்று வித்தியாசம் தெரிந்தது. மருந்து அதேதான், மருத்துவமனையும் அதேதான். கூடுதலாகச் சேர்ந்தது வாரம் ஒரு சொல்லும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் காத்திருந்த ஒரு செவிலியரும்.

சரி, இப்போது ஜெர்மனிக்குப் போவோம். காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கும் நோயாளி ஒருவர் மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் மருந்துச் சீட்டில் எழுதித் தருவது ஒரு செயலியை. நோயாளி அந்தச் சீட்டைத் தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறார். அங்கிருந்து ஒரு குறியீட்டு எண் வருகிறது. அதைப் போனில் தட்டியதும் செயலி திறந்துகொள்கிறது. செயலிக்கான விலையைக் காப்பீடு கட்டிவிடும். 2020 அக்டோபர் முதல் அங்கே இது நடைமுறையில் இருக்கிறது. முதலில் பட்டியலில் ஏறிய இரண்டில் ஒன்று இந்தக் காது இரைச்சலுக்கானது, மற்றொன்று பதற்ற நோய்க்கானது.

இரண்டு இடத்திலும் கருவி கைபேசிதான். ஆனால் ஓரிடத்தில் அது நலம் விசாரிக்கிறது, இன்னோரிடத்தில் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைக்குச் சமமாக நிற்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பணக்கார நாட்டில் நல்ல போன், ஏழை நாட்டில் மட்டமான போன், அதனால்தான் வித்தியாசம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, கொஞ்சம்தான். ஒரு நாட்டின் மருத்துவ ஏற்பாட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, தண்ணீர் மாதிரி கைபேசி அங்கேதான் போய் நிற்கிறது. ஆகவே போனைப் பார்ப்பதைவிடப் பள்ளத்தைப் பார்த்தால் விஷயம் சீக்கிரம் பிடிபடும்.

எம்-ஹெல்த் என்றால் என்ன?

கைபேசியையும் அதைப் போன்ற கம்பியில்லாக் கருவிகளையும் துணையாகக் கொண்டு நடக்கும் மருத்துவப் பணிக்கும் பொதுச் சுகாதாரப் பணிக்கும் எம்-ஹெல்த் என்று பெயர். எம் என்பது மொபைல். பெயரைக் கேட்டதும் வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது ஒரு பகுதி மட்டும். அவசர உதவி எண்ணை அழைப்பது, காய்ச்சலுக்கு என்ன செய்யலாம் என்று ஆலோசனை மையத்தில் கேட்பது, தடுப்பூசி தேதியை நினைவூட்டும் குறுஞ்செய்தி, வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர் போனில் நிரப்பும் படிவம், கையில் கட்டிய கடிகாரம் பதிவு செய்யும் இதயத்துடிப்பு எல்லாம் இதில் அடங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தன் உறுப்பு நாடுகளிடம் இது பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தி, 2011-இல் வெளியிட்டது. 114 நாடுகள் பதில் சொல்லியிருந்தன. 83 சதவீத நாடுகளில் ஏதாவது ஒரு வகைக் கைபேசிச் சேவையாவது இருந்தது. அதிகமாகக் காணப்பட்டவை பழைய பாணிச் சேவைகள்தான்: ஆலோசனைத் தொலைபேசி மையங்கள், கட்டணமில்லா அவசர எண்கள், பேரிடர் நேரத் தகவல் தொடர்பு. ஆப்பிரிக்க வட்டாரத்தில்தான் சேவைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆப்பிரிக்காவைப் பின்தங்கியதாகப் படிப்பது தவறு என்பது என் கருத்து. குறைந்த வசதியில் புத்திசாலித்தனமாக எதையாவது செய்து, அதை முறையாகச் சோதித்தும் பார்த்த முயற்சிகளில் பல அங்கிருந்துதான் வந்திருக்கின்றன. மாம்போவும் அங்கே பிறந்ததுதானே.

அந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு எண் உண்டு. தங்கள் கைபேசிச் சேவைகள் பலன் தருகின்றனவா என்று மதிப்பீடு செய்ததாகச் சொன்ன நாடுகள் வெறும் 12 சதவீதம். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

எது இல்லையோ, அதுவாக மாறும் போன்

உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. உலகின் நோய்ச் சுமையில் 24 சதவீதம் ஆப்பிரிக்க வட்டாரத்தில். உலகின் சுகாதாரப் பணியாளர்களில் அங்கே இருந்தவர்கள் 3 சதவீதம். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், சகாராவுக்குத் தெற்கே கைபேசி ஏன் பெரும்பாலும் ஆளுக்குப் பதிலாக நிற்கிறது என்று புரிந்துவிடும். மலாவியில் 2011-இல் பலாகா மாவட்டத்தில் ஒரு தொலைபேசி ஆலோசனைச் சேவை தொடங்கியது. அதன் பெயருக்கு உள்ளூர் மொழியில் "போனில் ஒரு சுகாதார நிலையம்" என்று பொருள். குழந்தைக்கு இரவில் உடம்பு சுடுகிறது, சுகாதார நிலையமோ பல மணி நேர நடை. இப்போதே கிளம்பவேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா என்று கேட்க ஒரு மனிதக் குரல் வேண்டும். அந்தக் குரலைத்தான் அது கொடுத்தது. பிறகு நாடு முழுவதற்கும் விரிந்தது, அரசின் பொறுப்புக்கும் வந்தது.

சீனாவில் பள்ளம் வேறு இடத்தில். சிறு நோய்க்குக்கூட மக்கள் பெருநகரத்துப் பெரிய மருத்துவமனையையே நம்புகிறார்கள். விளைவு, விடிகாலையிலிருந்தே வரிசை. அந்த வரிசையில் நின்று டோக்கன் வாங்கி அதிக விலைக்கு விற்கும் இடைத்தரகர்களுக்கு அங்கே ஒரு பட்டப்பெயரே உண்டு: மஞ்சள் மாடு. ஆகவே அங்கே கைபேசிக்கு முதலில் கிடைத்த பெரிய வேலை டோக்கன் எடுப்பதும் கட்டணம் கட்டுவதும். அரட்டைக்கும் பணம் அனுப்புவதற்கும் ஏற்கெனவே எல்லாரும் வைத்திருந்த வீசாட்டுக்குள்ளேயே மருத்துவமனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. அப்புறம்தான் போனிலேயே மருத்துவரிடம் கேட்கும் பெரிய தளங்கள் வளர்ந்தன. அவற்றில் ஒன்றான பிங் ஆன் குட் டாக்டர் 2018-இல் ஹாங்காங் பங்குச் சந்தையில் ஏறியது.

வட அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பெரிய சுமை சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் போன்ற நாள்பட்ட நோய்கள். நோயாளிக்கு மருத்துவர் உண்டு. ஆனால் ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் நடுவில் பல மாதங்கள். அந்த நடு மாதங்களில் உடம்பு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே கைபேசி கண்காணிப்புக் கருவியாகிறது. தோலில் ஒட்டிய உணரியிலிருந்து சர்க்கரை அளவு போனுக்கு வரும். 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒரு கைக்கடிகாரத்தின் இசிஜி வசதிக்கு அனுமதி கொடுத்தது. ஒழுங்கற்ற இதயத்துடிப்பை அது காட்டிக்கொடுக்கும்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது போலி மருந்துப் பிரச்சினை. நான் இதை விளக்கும்போதெல்லாம் இந்த உதாரணத்துக்குத்தான் போவேன். நைஜீரியாவிலும் கானாவிலும் சில மருந்துகளின் அட்டையில் ஒரு சிறு பூச்சுப் பட்டை இருக்கும், ரீசார்ஜ் கார்டில் இருக்குமே, அதைப் போல. நகத்தால் சுரண்டினால் ஓர் எண் தெரியும். அந்த எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பவேண்டும். மருந்து அசல்தானா, எச்சரிக்கை தேவையா என்று சில நொடிகளில் பதில் வரும். கானாவில் பிரைட் சைமன்ஸ் என்பவர் தொடங்கிய எம்பெடிக்ரீ என்ற அமைப்பு இந்த வழியில் முன்னோடி. நைஜீரியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2010 முதல் இதை ஊக்குவித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் போலி மருந்து பற்றிய கவலை உண்டு. 2019 பிப்ரவரி 9 முதல் அங்கே சீட்டு மருந்துகளின் பெட்டியில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியான சதுரக் குறியீடு இருக்கவேண்டும் என்பது சட்டம். மருந்துக் கடைக்காரர் கொடுப்பதற்கு முன் அதை ஸ்கேன் செய்கிறார். மையத் தரவுத்தளம் சரி என்றால்தான் பெட்டி கை மாறும். நோயாளிக்கு இப்படி ஒரு சோதனை நடந்ததே தெரியாது, அவருடைய கைபேசிக்கு அங்கே வேலையும் இல்லை. ஒரே பிரச்சினைதான். ஓரிடத்தில் கடையும் தரவுத்தளமும் சேர்ந்து செய்யும் வேலையை, இன்னோரிடத்தில் காய்ச்சலோடு நிற்கும் நோயாளியின் நகமும் போனும் செய்கின்றன.

யாருடைய போன்?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 கணக்குப்படி ஐரோப்பாவில் 91 சதவீதம் பேர் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள், ஆப்பிரிக்காவில் 38 சதவீதம் பேர். ஆகவே ஆப்பிரிக்காவில் பெருவாரியான மக்களைச் சேரவேண்டிய சேவை இணையம் இல்லாமலே ஓடவேண்டும். அதற்குக் கைகொடுப்பது யுஎஸ்எஸ்டி. பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் பழகியதுதான். நட்சத்திரக் குறியில் தொடங்கி ஹேஷில் முடியும் எண்ணை அடித்து பேலன்ஸ் பார்ப்போமே, அதே வழி. திரையில் ஒரு பட்டியல் வரும். 1 அழுத்து, 2 அழுத்து என்று நகர்ந்து போகலாம். டேட்டா வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம்.

எழுத்தும் ஒரு தடை. படிக்கத் தெரியாதவருக்குக் குறுஞ்செய்தி வெறும் கீச்சொலி. கானாவில் 2010-இல் தொடங்கிய கர்ப்பிணிகளுக்கான "மொபைல் மிட்வைஃப்" சேவை, உள்ளூர் மொழிகளில் பதிவு செய்த குரலாகவும் தகவலைச் சொன்னது. இந்தியாவின் கில்காரியும் குரல் வழிதான். 2016-இல் தேசிய அளவில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வாரம் ஓர் அழைப்பு, மொத்தம் 72 அழைப்புகள். அந்தந்த வாரத்துக்குத் தேவையானதை ஒரு மருத்துவரின் குரல் சொல்லும்.

ஆனால் அந்த அழைப்பை யார் எடுக்கிறார்கள்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 சதவீதம். மீதிப் பேருக்குக் கணவன், மாமியார், மகன் யாருடைய போனாவதுதான். பகலில் அந்தப் போன் வேலைக்குப் போய்விடும். கர்ப்பிணிக்கான குரல் கணவரின் பாக்கெட்டில் ஒலித்து அடங்கும். வங்கதேசத்தின் "ஆபன்ஜோன்" சேவை இதை முன்கூட்டியே யோசித்துக் கணவருக்கென்று தனிச் செய்திகளையே தயாரித்தது. போனை வைத்திருப்பவர் அவர்தான் என்றால் அவரிடமும் பேசு என்ற அணுகுமுறை. சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

போனைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. "உங்கள் எச்ஐவி மாத்திரையைச் சாப்பிட்டீர்களா?" என்று ஒரு செய்தி வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? நைரோபிச் செய்தியில் ஏன் "மாம்போ?" மட்டும் இருந்தது என்று இப்போது பாருங்கள். யார் படித்தாலும் அது ஒரு நண்பரின் விசாரிப்பு.

கொஞ்சம் நெருங்கிப் பார்க்க இன்னொரு உதாரணம், மிஸ்டு கால். காசுக்குக் கணக்குப் பார்த்து, அடித்து உடனே வைத்துவிடும் அந்தப் பழக்கத்தை இந்தியாவில் காசநோய் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள். காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடவேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் நோயாளி வாரத்தில் சில நாள் மையத்துக்கே வந்து பணியாளர் முன்னால் விழுங்கவேண்டும் என்பது முந்தைய முறை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது கூலி இழப்பு. 99டாட்ஸ் என்ற முறையில் மாத்திரை அட்டை ஒரு காகித உறைக்குள் இருக்கும். மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால் உறை கிழிந்து, பின்னால் ஒளிந்திருக்கும் கட்டணமில்லா எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். அட்டையைத் திறக்காமல் அன்றைய எண்ணை ஊகிக்க முடியாது. எந்தப் போனிலிருந்து, எந்த நாளில், எந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது என்பதை வைத்து இன்னார் இன்று மாத்திரையைக் கையில் எடுத்தார் என்று மையத்தில் பதிவாகிவிடும். செலவு ஓர் உறையும் ஒரு மிஸ்டு காலும். குறையும் இருக்கிறது. மாத்திரையைப் போட்டுவிட்டு அழைக்க மறப்பவர்கள் உண்டு, அழைத்துவிட்டு விழுங்காமல் விடுவதற்கும் வழி உண்டு. ஆகவே பதிவேட்டை அப்படியே நம்ப முடியாது. இருந்தாலும் இந்த யோசனை, மிஸ்டு கால் புழங்கிய சமூகத்தைத் தவிர வேறெங்கும் யாருக்கும் தோன்றியிருக்காது.

இடத்தை அறிந்து செய்ததற்கு செனகலையும் சொல்லவேண்டும். சர்க்கரை நோயாளிகள் ரமலான் நோன்பிருக்கும்போது என்ன கவனிக்கவேண்டும் என்பதை 2014-இல் அங்கே குறுஞ்செய்திகளாக அனுப்பினார்கள்.

போன் வழி எதையும் சாதித்துவிடலாம் என்று தோன்றும்போது எனக்கு ஸான்ஸிபார் நினைவுக்கு வரும். தான்சானியாவைச் சேர்ந்த அந்தத் தீவில் 2009–10-இல் கர்ப்பிணிகளுக்குக் குறுஞ்செய்திகளும், சுகாதாரப் பணியாளரை அழைப்பதற்கான பேச்சு வவுச்சர்களும் கொடுத்து ஆய்வு செய்தார்கள். சுமார் 2,500 பெண்கள். பயிற்சி பெற்றவர் உதவியோடு பிரசவம் நடந்த விகிதம் இவற்றைப் பெறாதவர்களில் 47 சதவீதம், பெற்றவர்களில் 60 சதவீதம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது அந்தப் பலன் நகர்ப்புறப் பெண்களுக்குத்தான். கிராமத்துப் பெண்களிடம் மாற்றம் தெரியவில்லை. வலி எடுத்ததும் மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று செய்தி சொல்லிவிடும். வண்டியை அனுப்பாது.

எளிய குறுஞ்செய்தி ஏழை நாட்டுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் வேண்டாம். பிரிட்டனில் 5,800 புகைப்பழக்கத்தினரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. புகையை விடுவதற்கு ஊக்கமும் அறிவுரையும் சொல்லும் குறுஞ்செய்திகளைப் பெற்றவர்களில் ஆறு மாதம் கழித்தும் விட்டபடியே இருந்தவர்கள் 10.7 சதவீதம். மற்றவர்களில் 4.9 சதவீதம். வாய்ச்சொல்லாக இல்லை, உமிழ்நீர் உள்ளிட்ட சோதனையோடு. மறுபக்கம், கேமரூனில் எச்ஐவி நோயாளிகளுக்கு வாராவாரம் ஊக்கச் செய்தி அனுப்பிய ஆய்வில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. கென்யாவும் கேமரூனும் ஒரே கண்டம், ஒரே நோய், ஒரே கருவி. கென்யாவின் செய்தி கேள்வியாக இருந்தது, பதிலுக்குக் காத்திருந்தது, பதில் வராவிட்டால் தேடியது. கேமரூனில் ஊக்கம்தான் பெரும்பாலும் ஒரு பக்கமாகப் போனது. வித்தியாசம் இதில்தான் என்று நான் நினைக்கிறேன்.

சட்டமும் காசும்

வேகமான இணையமும் நல்ல போனும் இருந்தால் கைபேசி மருத்துவம் தானாக வளர்ந்துவிடும் என்றால், தென்கொரியாதான் முதலிடத்தில் இருக்கவேண்டும். ஆனால் அந்நாட்டின் மருத்துவச் சேவைச் சட்டப்படி மருத்துவர் நோயாளியைத் தொலைவிலிருந்து பார்த்துச் சிகிச்சை சொல்வதற்குத் தடை இருந்தது. 2020 பிப்ரவரியில் கொரோனா வந்தபோதுதான் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். பக்கத்து ஜப்பானிலும் முதல் முறை வரும் நோயாளியை ஆன்லைனில் பார்ப்பதற்குக் கட்டுப்பாடு இருந்து, அதே ஆண்டு ஏப்ரலில் தளர்ந்தது. அதே ஜப்பான், புகைப்பழக்கத்தை விடுவதற்கான ஒரு செயலியை 2020-இல் மருத்துவச் சாதனமாக ஏற்று, காப்பீட்டிலும் சேர்த்தது. செயலி எழுதித் தரலாம், ஆனால் முதல் முறை போனில் பார்ப்பதில் தயக்கம். ஒரு நாட்டின் மருத்துவர் சங்கங்களும் சட்டமும் எதற்குப் பயப்படுகின்றன என்பதை இது காட்டுகிறது.

பிரேசிலில் மருத்துவர் கவுன்சில் தொலைமருத்துவத்துக்கு விதிகள் வகுத்தது. மருத்துவர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியதால் 2019 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டே கொரோனாவுக்காகத் தற்காலிகச் சட்டம் வந்தது, 2022 இறுதியில் நிரந்தரச் சட்டம் வந்தது. இந்தியாவிலும் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச்சில், ஊரடங்கு தொடங்கிய அதே நாட்களில்தான் வெளியாயின.

அமெரிக்காவில் 1996-இன் ஹிப்பா சட்டம் நோயாளியின் தகவலைக் கண்டிப்பாகக் காக்கச் சொல்கிறது. அதனால் அங்கே மருத்துவமனை சாதாரணக் குறுஞ்செய்தியில் பரிசோதனை முடிவை அனுப்பத் தயங்கும். பூட்டும் கடவுச்சொல்லும் போட்ட தளத்துக்குள் வந்து பார்த்துக்கொள் என்று சொல்லும். பல நாடுகளில் மருத்துவரும் நோயாளியும் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டின் படத்தைப் பகிர்ந்துகொள்வது அன்றாடக் காட்சி. எது நல்லது என்றால், வசதி இரண்டாவதில், பாதுகாப்பு முதலாவதில். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் எங்கெங்கே போகும் என்று அனுப்பியவருக்குத் தெரியாது. இதில் நான் அமெரிக்க எச்சரிக்கையின் பக்கம்தான் சாய்வேன்.

காசைப் பொறுத்தவரை ஜெர்மனியில் காப்பீடு கட்டுகிறது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பல திட்டங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைதான் தொடக்கப் பணம். நன்கொடைக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. ஆகவே சோதனைத் திட்டம், அது முடிந்ததும் இன்னொரு சோதனைத் திட்டம். உகாண்டாவில் இப்படிச் சிறு சிறு திட்டங்கள் ஒன்றோடொன்று பேசாமல் நாடெங்கும் முளைத்து, 2012-இல் சுகாதார அமைச்சகமே புதியவற்றை நிறுத்தி வைக்கும்படி உத்தரவிட்டது. ஒரே சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனிப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தால் நோயாளியை எப்போது பார்ப்பது? முன்பு சொன்ன 12 சதவீதம் இங்கேதான் உறுத்துகிறது. பலன் தெரியாமலே தொடங்கி, பலன் பார்க்காமலே முடிந்துபோனவை ஏராளம்.

ஒரே நிறுவனம், இரண்டு உலகம்

பாபிலோன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் லண்டனில் 2017 முதல் ஸ்மார்ட்போன் செயலி வழியாக அரசு மருத்துவச் சேவையின் நோயாளிகளுக்கு வீடியோவில் மருத்துவரைக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே ருவாண்டாவில் பாபில் என்ற பெயரில் இறங்கியிருந்தது. அங்கே செயலியை நம்பியிருந்தால் பெரும்பாலான மக்களை எட்டியிருக்க முடியாது. ஆகவே நட்சத்திரமும் ஹேஷும் போட்டு அடிக்கும் யுஎஸ்எஸ்டி எண், பிறகு ஒரு செவிலியரோ மருத்துவரோ திரும்ப அழைத்துப் பேசுவது, மருந்துக்கான குறியீடு குறுஞ்செய்தியில் வருவது என்று வேறொரு சேவையாகவே கட்டினார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். அப்போது சுமார் 1.3 கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில் அது பெரிய எண்ணிக்கை.

2023-இல் தாய் நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. ருவாண்டாச் சேவையும் மூடப்பட்டது. லண்டனில் இருந்தவர்களுக்குப் போவதற்கு வேறு மருத்துவர் இருந்தார். ருவாண்டாவின் கிராமத்தில் அந்த எண்ணை அடித்துப் பழகியவர் பழையபடி சுகாதார நிலையத்துக்கு நடக்கவேண்டியதாயிற்று. ஆளுக்குப் பதிலாகப் போன் நிற்கும் இடங்களில், அந்தப் போனுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இவ்வளவு கனமானது.

தென்னாப்பிரிக்கா இதில் வேறு வழியில் போனது. மாம்கனெக்ட் என்ற சேவையை 2014 ஆகஸ்டில் அரசின் சுகாதாரத் துறையே தொடங்கியது. கர்ப்பிணி முதல் பரிசோதனைக்கு வரும்போதே கிளினிக்கில் ஒரு யுஎஸ்எஸ்டி எண்ணை அடித்துப் பதிவு செய்கிறார்கள். அதிலிருந்து கர்ப்பத்தின் வாரத்துக்கு ஏற்றபடி, நாட்டில் அப்போதிருந்த 11 ஆட்சிமொழிகளில் அவர் கேட்கும் மொழியில் செய்திகள் வரும். அவரும் திருப்பிக் கேட்கலாம். கிளினிக்கில் நடத்திய விதம் சரியில்லை என்றால் அதையும் புகாராகச் சொல்லலாம். சில ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் சேர்ந்தார்கள். 2017-இல் வாட்ஸ்அப்பும் சேர்ந்தது. குறுஞ்செய்தி வழியை மூடிவிடவில்லை. ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் தாய்க்கு வாட்ஸ்அப், பட்டன் போன் வைத்திருக்கும் தாய்க்கு எப்போதும்போல எஸ்எம்எஸ்.